பட்டியலில் விட்டுப்போன அரை நிலா

லைசென்ஸ் ஒப்பந்தம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண் சொருகாமல் படித்தவர் உங்களில் யாராவது இருந்தால், அவர் எழுந்து போய் காப்பி சாப்பிட்டுவிட்டு வரலாம். இது மற்றவர்களுக்காக எழுதியது. நானும் அந்த மற்றவர்களில் ஒருவன்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆன பிறகும் நினைவு வைத்துக் கேட்கிறார்களே என்று மனசு குளிர்ந்துபோய் ஒப்புக்கொண்டேன். நான் கட்டிய பெரிய பெரிய சிஸ்டம்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள், பாவம். அவற்றில் பாதி எனக்கே மறந்துவிட்டது. என் வேலைக் காலத்தில் நான் வாங்கிய ஒரே மெமோவைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு விழித்துக்கொண்டே கனவு காணும் பழக்கம் உண்டு. மீட்டிங்கில் யாராவது சீரான குரலில் பேச ஆரம்பித்தால் போதும், மெல்ல நழுவிவிடுவேன். உடம்பு நாற்காலியில் இருக்கும், தலைகூடச் சரியான இடத்தில் ஆடும். மனசு மட்டும் ஜன்னல் வழியாக இறங்கி, சாமுண்டி மலையில் பனி விலகிவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கும். சிக்கலான பிழைகள் பலவற்றை இப்படி நழுவிப்போன நேரத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அதனால் அதை ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி வேலை. நாம் செய்வது ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள். அதன் வயிற்றுக்குள் இன்னொரு பெரிய கம்பெனியின் டேட்டாபேஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரி அதைத் தனியாக வாங்குவதில்லை, நம்முடையதோடு சேர்ந்தே வருகிறது. கல்யாண மண்டபத்தோடு வரும் பாத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்டபத்தில், அந்தக் கல்யாணத்துக்கு, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அதில் சமைக்கலாம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு விசேஷத்துக்குப் போக முடியாது. அதே போல, நம் மென்பொருள் மட்டும்தான் அந்த டேட்டாபேஸைத் தொடலாம். வேறு எந்தப் புரோகிராமும் நேராக அதில் கை வைக்கக் கூடாது. லைசென்ஸ் என்று எண்பது பக்கம் எழுதியிருப்பதன் சாரம் இவ்வளவுதான்.

டேட்டாபேஸ் ஆஸ்பத்திரியின் சொந்த அறையில், சொந்த சர்வரில் இருந்தவரை இதை யாரும் கிளறவில்லை. மைசூரில் ஓர் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற முடிவு செய்தபோதுதான், மண்டபமே மாறுகிறதே, பாத்திரமும் கூட வரலாமா என்ற கேள்வி எழுந்தது. வரலாம் என்றது டேட்டாபேஸ் கம்பெனி. ஆனால் அதைத் தொடுகிற எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இவற்றைத் தவிர வேறு எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அது பொய்யென்று தெரிந்தால், இந்த ஓர் ஆஸ்பத்திரி மட்டுமல்ல, நம்மிடம் வாங்கிய அத்தனை ஆஸ்பத்திரிகளுக்கும் அந்த டேட்டாபேஸைச் சேர்த்துக் கொடுக்கும் உரிமை போய்விடும்.

நம் ஒப்பந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. இப்போதும் இருக்கும் என்று நம்புகிறேன். எந்த ஒப்பந்தத்தையும் கண்ணால் மட்டும் படிக்கக் கூடாது. ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் எதிரில் உட்கார்ந்து தாளில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் ஓர் அம்மாள். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார், அதனால் வேண்டாம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வீடு மேல்கோட்டையில். அந்த வீட்டில் எல்லாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில் இவர் ஆங்கில ஒப்பந்தத்தையும் ஒரு கமா விடாமல், ஏற்றி இறக்கி, பாராயணம் போல வாசிப்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்வேன், அவர் சேரும்போது நான் நரைத்திருந்தேன் என்றாலும்.

அன்று மழை. மூன்றாவது மாடி ஜன்னலில் மலை பாதி தெரிந்தது, மீதியை மேகம் மூடியிருந்தது. அந்த அம்மாள் வாசித்துக்கொண்டே போனார். என் விரல் தாளில் நகர்ந்துகொண்டிருந்தது, நான் நழுவிவிட்டேன். எங்கே போயிருந்தேன் என்று இன்றைக்கும் துல்லியமாகச் சொல்ல முடியும். வெட்கக்கேடே அதுதான். அதே ஆஸ்பத்திரியின் சனிக்கிழமைக் கவுண்டருக்குப் போயிருந்தேன்.

அந்தக் கவுண்டரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். அளவு கூடினால் உள்ளே ரத்தம் கசியும், குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சனிக்கிழமை. அவர்களில் பல பெண்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் தாளவாடியிலும் அந்தியூரிலும் பிறந்து, கட்டிக்கொடுத்து வந்தவர்கள். கன்னடம் பேசிவிடுவார்கள், படிக்கத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். மென்பொருள் அச்சடித்ததோ கன்னடமும் ஆங்கிலமும் கலந்த சீட்டு.

ஒரு சனிக்கிழமை வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். பெஞ்சில் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார். பழனியம்மா என்று பெயர். என் பேச்சைக் கேட்டதும் நானும் ஹனூர்ப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

“ஏனுங்க, இதுல எத்தன மாத்திரைன்னு போட்டிருக்குதுங்க?”

படித்துச் சொன்னேன். அதே பெஞ்சிலிருந்து இன்னும் நான்கு சீட்டுகள் நீண்டன. அன்று மத்தியானமே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். கவுண்டரிலிருந்த பழைய கம்ப்யூட்டர், டேட்டாபேஸுக்குள் நேராகப் போய் மாத்திரை அளவையும் அடுத்த தேதியையும் எடுத்துத் தமிழில் அச்சடித்துவிடும். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எங்கும் பதிவு செய்யவுமில்லை. நான்கு வருடம் அது ஓடியது. கவுண்டரில் மரகதம் என்ற பெண் இருந்தாள். மைசூரில் கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அச்சில் வருவதைக் கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. தமிழ்ச் சீட்டு எங்கே என்று ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும், “மரகதம் கொடுக்கும்” என்பார்கள். அதன் பின்னால் ஒரு புரோகிராம் இருப்பது யாருக்கும் தெரியாது. நாளாக ஆக எனக்கும் அது புரோகிராமாகத் தோன்றவில்லை, மரகதமாகவே ஆகிவிட்டது.

இப்போது அந்த மழை நாளுக்கு வாருங்கள். ‘வேறு எந்தப் புரோகிராமும், யார் எழுதியதானாலும், எந்தக் காரணத்துக்கானாலும்’ என்று அந்த அம்மாள் இழுத்து வாசித்தபோது, நான் மனசுக்குள் மரகதம் சீட்டுக் கிழிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறோம் என்ற சுகம் வேறு. வாசிப்பு நின்றது.

“இருக்கா சார்?”

“எதுங்க?”

“வேற ஏதாவது புரோகிராம்.”

“இல்லீங்க மேடம்.”

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எங்கேயோ போயிட்டு வந்தேள் போலிருக்கே.”

“எங்கயும் போகலைங்க. படிங்க.”

படித்து முடித்தார். கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாற்றம் நடந்தது. அந்தக் கதை உங்களுக்கு வேண்டாம், எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. சனிக்கிழமை காலை நிலவரம் பார்க்க நானும் டீம் லீடர் பிரதீப்பும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரைகள் முன்னைவிட வேகமாகத் திறந்தன. மருத்துவர்கள் சிரித்த முகமாக இருந்தார்கள். நான் வராந்தாவில் நின்று, தூங்குமூஞ்சி மரத்திலிருந்து முன்தின மழை சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தேன். மரகதம் வந்து பக்கத்தில் நின்றதே தெரியவில்லை.

“சார், ஏனாய்த்தோ, என்னாச்சோ தெரியல. பிரிண்டர் சும்மா உக்காந்திருக்கு. காலைல இருந்து ஒரு சீட்டு வரல. நாப்பது பேர் காத்திருக்காங்க.”

ஆஸ்பத்திரி அறையிலிருந்த பழைய சர்வரை முந்தின நாள் என் கையால் அணைத்திருந்தேன். என் புரோகிராம் இன்னும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அது பட்டியலில் இல்லை. இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

பிரதீப் வந்து பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. “ஹத்து நிமிஷ சார்” என்றார். பத்து நிமிடம் போதும், அந்தப் புரோகிராமுக்குக் கிளவுடின் புது முகவரியைக் கொடுத்துவிட்டால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாரிகூ கொத்தாகல்ல” என்றார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள். இரண்டு மணிக்கு ஹனூர் பஸ். சீட்டில்லாமல் ஏறிப் போனால் ஒரு மாதம் என்ன அளவில் மாத்திரை போடுவார்கள்? எனக்கோ ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது அந்த இழுப்பு காதில் கேட்டது. ‘யார் எழுதியதானாலும், எந்தக் காரணத்துக்கானாலும்.’ நான் நழுவிப் போயிருந்தபோது வாசித்த வரி, எங்கேயோ தங்கியிருந்து இப்போது வந்தது. முதல் கையெழுத்து மறதியில் போட்டது. இந்தப் பத்து நிமிடத்தில் செய்யப்போவதை மறதி என்று யாரிடமும் சொல்ல முடியாது, என்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது. பிரதீப்பை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அம்மாளுக்குப் போன் போட்டேன்.

சனிக்கிழமை அல்லவா, அவர் மேல்கோட்டைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் கண்டக்டர் “பாண்டவபுரா, பாண்டவபுரா” என்று கத்துவது கேட்டது.

“மேடம், நான் பொய்யாக் கையெழுத்துப் போட்டுட்டனுங்க” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அந்தப் புரோகிராம் இப்போ ஓடறதா?”

“நின்னு கெடக்குதுங்க.”

“அப்படியே கிடக்கட்டும். இன்னிக்கே அவாளுக்கு லெட்டர் போயாகணும். நான் இறங்கித் திரும்பி வரேன்.”

“இங்க நாப்பது பேர் உக்காந்திருக்காங்க மேடம். சீட்டு இல்லாம எப்படிங்க அனுப்பறது?”

அந்த பஸ் இரைச்சலில் அவர் ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். “புரோகிராம்தான் தொடக் கூடாது. அனுமதி இருக்கற மனுஷா நம்ம மென்பொருள்ல திறந்து பார்க்கலாம், வாசிக்கலாம். பார்த்ததைக் கையால எழுதக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை.”

“அப்ப நானே பார்த்து எழுதிடறனுங்க.”

“நீங்க கூடாது. அந்த ஆஸ்பத்திரி ஸ்கிரீனைப் பார்க்க உங்களுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பொண்ணுக்கு இருக்கா?”

மரகதத்துக்கு இருந்தது.

“அவ வாசிக்கட்டும், நீங்க எழுதுங்கோ. எழுதினதை வாங்கிக்கறவா திருப்பி வாசிச்சுக் காட்டட்டும். நம்ம ஆபீஸ் முறைதான், இல்லையா?” பிறகு, வைப்பதற்கு முன், “இந்தத் தடவை எங்கேயும் போயிடாதேங்கோ” என்றார்.

கவுண்டருக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிரதீப் வெள்ளைத் தாள்களை நான்காகக் கிழித்து அடுக்கினார். ஒவ்வொருவரின் விவரத்தையும் மரகதம் தன் திரையில் திறந்து வாசிக்க, நான் எழுத, பிரதீப் அடுத்தவரைக் கூப்பிட்டார். தமிழ் எழுதி எத்தனையோ வருடமாகியிருந்தது. ‘மாத்திரை’ என்று எழுதுவதற்குள் விரல் வலித்தது. முதல் ஆறு பேருக்கும் முழு மாத்திரைக் கணக்கு. வாங்கி, வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். ஏழாவதாக வந்தவர் பழனியம்மா.

“தினமும் ஒன்றரை” என்று வாசித்தாள் மரகதம். 1½ என்று எழுதிக் கொடுத்தேன். பழனியம்மா தாளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

“தெனமும்... ஒண்ணு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு.” நிமிர்ந்து பார்த்தார். “நாலுங்களா? ஒரேயடியா இத்தன ஏத்திப்போட்டாங்களா?”

தாளை எட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

“நெலா எங்கீங்க?” என்றார் அவர்.

“எந்த நிலாங்க?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். என் புரோகிராம் அச்சடித்த சீட்டுகள். ஒவ்வொன்றிலும் 1 என்ற எண், அதன் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் நீல மையில், கையால் போட்ட அரை நிலா.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். “அது சார், உங்க பிரிண்டர்ல அரை வரவே வராது. வெறும் கட்டம்தான் வரும். முதல் வாரமே பாத்துட்டேன். அரைக்கு ஒண்ணு கீழ ரெண்டுன்னு போட்டா, கண்ணு சரியாத் தெரியாதவங்க ஒண்ணு, ரெண்டுன்னு படிச்சிடறாங்க. அதான் பாதி மாத்திரை மாதிரி வரைஞ்சு குடுத்துடுவேன்.”

“நாலு வருஷமாவா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“மெஷின் அப்படித்தான்னு நினைச்சேன் சார். நீங்க பண்ணது, உங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

நான் அன்று அவசரத்தில் போட்ட தமிழ் எழுத்துருவில் அந்தப் பின்னக் குறி கிடையாது. இல்லாத குறிக்குப் பதில் கட்டம் வந்திருக்கிறது. முழு மாத்திரை ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குப் போனவன் நான். ஒரு சனிக்கிழமை அந்த நீலப் பேனா இல்லாமல் போயிருந்தால், இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் மறுமாதம் வந்திருப்பார்கள்?

“நீ லீவு போட்ட அன்னிக்கு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமை லீவு போடறதில்ல சார். போட்டா நிலா யாரு போடறது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது பேர் முன்னால் அழக் கூடாதே என்று குனிந்து எழுத ஆரம்பித்தேன். அதன் பிறகு எண்ணை நான் எழுதினேன், நிலாவை மரகதம் போட்டாள், வாங்கியவர்கள் வாசித்துக் காட்டினார்கள். கடைசிச் சீட்டை எழுதி முடித்தபோது ஒன்றரை மணி. எல்லாரும் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் அலுவலகத்தில் அந்த அம்மாளும் நானும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். எதையும் மழுப்பவில்லை. திருத்திய பட்டியலில் என் புரோகிராமைச் சேர்த்தேன். அதற்குக் கீழே ‘மரகதம், நீலப் பேனா’ என்றும் எழுதினேன். அவர் வாசித்துக்கொண்டே வந்து அங்கே நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “மனுஷாளை இதுல போட முடியாது சார். ஆனா அவ செய்யறது நம்ம மென்பொருளுக்குள்ள வந்தாகணும்” என்று சொல்லி, அந்த வரியை மெதுவாகக் கோடு போட்டு அடித்தார்.

டேட்டாபேஸ் கம்பெனிக்காரர்கள் சில வாரம் குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்கள். அன்றைக்கே நாமாகச் சொன்னதால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். உரிமை போகவில்லை. என் புரோகிராமை அழித்துவிட வேண்டும், தமிழ்ச் சீட்டு இனி நம் மென்பொருளுக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். மென்பொருள் தயாராகும்வரை ஒன்பது சனிக்கிழமை மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் எழுதினேன். அந்த ஒன்பது நாளும் என் மனசு ஒருமுறைகூட ஜன்னல் வழியாக இறங்கவில்லை.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு பட்டியலில் கையெழுத்துப் போடுவீர்கள். அதற்கு முன்னால் சீட்டு வெளியே வருகிற இடத்துக்குப் போய் அரை நாள் நில்லுங்கள். அங்கே யார் கையில் பேனா இருக்கிறது, எதற்கு என்று கேளுங்கள். சர்வர் அறையில் உட்கார்ந்து என் ஞாபகத்தை நம்பிப் பட்டியல் போட்டவன் நான். கனவு காண்பதை விடச் சொல்லவில்லை, அது உங்கள் கையிலும் இல்லை. வாசித்து முடித்ததும், நழுவிவிட்டேன், இன்னொரு முறை வாசியுங்கள் என்று கேட்க மட்டும் வெட்கப்படாதீர்கள்.

பத்தாவது சனிக்கிழமை, மென்பொருளே தமிழ்ச் சீட்டை அச்சடித்தது. எழுத்துருவை மாற்றினால் போதும், பின்னம் வந்துவிடும் என்றார்கள் நம் ஆட்கள். நான் பிடிவாதமாக நின்று, ஒவ்வொரு அரைக்கும் ஒரு நிலாவைப் போட வைத்தேன். கறுப்பு மையில், கச்சிதமாக வந்தது. பழனியம்மா சீட்டை வாங்கி வாசித்தார். இரண்டடி போனவர், திரும்பிக் கவுண்டருக்கே வந்தார்.

“இது நீ போட்டதில்லையே கண்ணு?”

“மெஷினே போட்டுடுச்சும்மா.”

“அது போட்டா நான் எப்பிடி நம்பறது? நீயும் ஒண்ணு போட்டுக் குடு.”

“ரெண்டு அரை போட்டா முழுசாயிடும்மா” என்றாள் மரகதம். பிறகு நீலப் பேனாவை எடுத்து, அச்சடித்த நிலாவின் மேலேயே ஒருமுறை வரைந்து கொடுத்தாள். பழனியம்மா அதை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.